மூடி மேல் மிளகாய்

எங்கள் கடையில் நாற்காலி கிடையாது. போட்டாலும் உட்கார எவருக்கும் நேரம் கிடையாது. ரயில் நிலையத்தின் பெரிய படிக்கட்டுக்குக் கீழே, பழைய சாமான் அறை ஒன்றைக் கடையாக்கியிருக்கிறார்கள். முன்னால் நான் நிற்கிற கவுண்டர், எனக்குப் பின்னால் சுவரில் ஒரு சதுரத் துவாரம், அதற்கு அப்பால் அடுப்பும் மாஸ்டரும். மேலே ‘இந்தியச் சாப்பாடு’ என்று விளக்குப் பலகை. அதில் ஒரு எழுத்து எரியாது. அதை மாற்றச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஆட்கள் வருவார்கள். தலைக்கு மேலே ரயில் நேரம் ஓடுகிற பலகையில் ஒரு கண், என் கையிலிருக்கும் டப்பாவில் ஒரு கண். “சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு, சீக்கிரம்!” சீக்கிரம் என்பதும் நாங்கள் விற்கிற பதார்த்தம்போல எல்லாரும் தவறாமல் அதைக் கேட்பார்கள். வாங்கியதும் சுவரோரப் பலகைமேல் டப்பாவை வைத்து, நின்றபடியே உள்ளே தள்ளுவார்கள். சிலர் நடந்துகொண்டே. சட்டையில் குழம்பைக் கொட்டிக்கொண்டு, அதற்கு என்னை முறைத்துவிட்டு ஓடுகிற கனவான்களும் உண்டு. நான் என்ன, ஊட்டியா விட முடியும்?

இதைப் பார்த்தால் மாஸ்டருக்கு வயிறு எரியும். துவாரத்தில் தலையை நீட்டிப் புலம்புவார்.

“பாரு தங்கச்சி, அந்த ஆள் ஒரு வாயாவது மென்னானா? பெட்டியில கடுதாசி போடற மாதிரி போடறான். அந்த வெங்காயத்தை நான் எவ்வளவு நேரம் நின்னு வதக்கினேன்னு அவனுக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சு என்ன பண்ணணும்கிறீங்க? ரயிலை நிறுத்திட்டு வந்து உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு அழணுமா? தள்ளுங்கண்ணே, ரெண்டு கொண்டைக்கடலை.”

“ஒருத்தராவது... ஒரே ஒருத்தராவது என் சாப்பாட்டை நிதானமா, ருசி பார்த்துச் சாப்பிட்டு நான் பார்த்துடணும்.”

இது அவருடைய தினசரிப் பாட்டு. நான் காதில் வாங்கிக்கொள்வதில்லை.

மாஸ்டர் இந்தத் தொழிலுக்கு வந்தது பாத்திரம் தேய்க்க. ஒரு பெரிய ஓட்டலின் பின்கட்டில், வழித்துப்போட்ட சட்டியின் அடியில் ஒட்டியிருந்ததை விரலால் தொட்டு நக்கி நக்கியே சமையலைக் கற்றுக்கொண்டாராம். அங்கிருந்த சமையல்காரர் ஒருநாள் பார்த்துவிட்டு, “இன்னைக்கு என்னடா குறை?” என்று கிண்டலாகக் கேட்டிருக்கிறார். இவர், “சீரகம் கருகிப் போச்சு” என்றிருக்கிறார். அன்றைக்கே தேய்க்கிற நாரைப் பிடுங்கிவிட்டுக் கையில் கரண்டியைக் கொடுத்தார்களாம். இந்தக் கதையை எனக்கு மாஸ்டர் சொன்னது எத்தனை தடவை என்று எண்ணினால் விடிந்துவிடும். ஒவ்வொரு தடவையும் கருகியது மட்டும் மாறும். ஒருநாள் சீரகம், ஒருநாள் பூண்டு.

கதை எப்படியோ, அவர் நாக்கு நிஜம். குழம்பை ஒரு சொட்டு இடது புறங்கையில் விட்டு, நக்கி, கண்ணை மூடி, ஒரு நொடி நிற்பார். கண்ணைத் திறக்கும்போது கை தானாக எதையாவது எடுக்கும். மூக்கு அதைவிட மோசம். அடுப்பில் வெங்காயம் ஒரு நிறம் கூடிப்போனால், அந்தக் கோடியிலுள்ள குழாயில் முகம் கழுவிக்கொண்டிருப்பவர் “அடுப்பு, அடுப்பு!” என்று கத்திக்கொண்டு ஓடிவருவார்.

அப்படிப்பட்ட மனுஷனுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. நிலையத்தில் பாதிப் பேருக்கு வந்த அதே காய்ச்சல். படுத்துக் கிடந்து, இளைத்து, கன்னம் ஒட்டித் திரும்பி வந்தார். வந்த சில நாளில் பால் அடிப்பிடித்தது. முன்னால் நிற்கிற எனக்கு நாற்றம் குடலைப் புரட்டுகிறது. மாஸ்டரோ அந்தப் பால் பக்கத்திலேயே நின்று முணுமுணுவென்று பாடிக்கொண்டு மாவு பிசைகிறார்.

“அண்ணே, பால்!” என்று கத்தினேன்.

“அட, கவனிக்கல,” என்றார். முகம் ஒரு மாதிரி போய்விட்டது.

எனக்குச் சந்தேகம் வந்தால் சும்மா இருக்க மாட்டேன். மறுநாள் அவருக்கு டீ போட்டு, அரை எலுமிச்சம்பழத்தை அதில் பிழிந்து, ஒன்றும் தெரியாதவள்போல நீட்டினேன். குடித்தார். முழுசாகக் குடித்தார். “டீ ஜோரா இருக்கு தங்கச்சி,” என்று டம்ளரைக் கீழே வைத்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அண்ணே, நான் அதுல எலுமிச்சம்பழம் பிழிஞ்சேன்.”

அவர் டம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மாவு ஒட்டிய கையோடு அப்படியே அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

“காய்ச்சலோட போச்சு. உப்பு, புளிப்பு, வாசனை, எதுவும் இல்ல. வாயில துணியை வச்ச மாதிரி இருக்கு. வரும் வரும்னு பார்க்கறேன், வரல. டாக்டர், வந்தாலும் வரும், வராமலும் போகும்கிறார். யார்கிட்டயும் சொல்லிடாதே.”

சொல்லக் கூடாததற்குக் காரணம் இருந்தது. எங்கள் முதலாளியம்மாவுக்கு வேறு கடைகளும் உண்டு. அங்கெல்லாம் அடுப்பே கிடையாது. ஒரே பெரிய சமையற்கூடத்தில் கோப்பையால் அளந்து அளந்து சமைத்து, அண்டா அண்டாவாக வண்டியில் அனுப்புவார்கள். எங்கள் கடைக்கு மட்டும்தான் தனி அடுப்பு. “அந்த மாஸ்டர் நாக்குக்காகத்தான் இந்த அடுப்பை வச்சிருக்கேன்” என்று முதலாளியம்மாவே என்னிடம் சொல்லியிருக்கிறார். நாக்கு போனது தெரிந்தால் அடுப்பு போகும், அடுப்போடு மாஸ்டரும் போவார்.

“நாக்கு இல்லாத சமையல்காரனை எவன் வேலைக்கு வைப்பான்?” என்றார். “திரும்பவும் பாத்திரம் தேய்க்கத்தான் போகணும். குனிஞ்சு தேய்க்க இப்போ இடுப்பும் இல்ல.”

“அண்ணிகிட்டயாவது சொன்னீங்களா?”

அதைக் கேட்டதும்தான் அவர் கண் கலங்கியது. அண்ணி என்றால் அவர் சம்சாரம். சமையல்காரனுக்கு வாழ்க்கைப்பட்டு, தினமும் அவனுக்கே சமைத்துப் போடுவதென்றால் சும்மாவா? கல்யாணமான நாளிலிருந்து அவள் தட்டை வைத்துவிட்டு, “எப்படி இருக்கு?” என்று கேட்பாளாம். இவரும் வஞ்சனையில்லாமல் சொல்வாராம். புளிப்பு தூக்கல், மஞ்சள் பச்சை வாசனை, கடுகு பொரியவில்லை. ஒருநாளாவது நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. அவளும் கேட்பதை விட்டதில்லை.

“காய்ச்சல்ல எழுந்து உட்கார்ந்த அன்னைக்கும் கேட்டா. என்ன சொல்றதுன்னு தெரியல. நல்லா இருக்குன்னுட்டேன். அவ முகத்தைப் பார்க்கணுமே தங்கச்சி! அன்னையிலேருந்து தினம் நல்லா இருக்குங்கறேன். புதுசு புதுசா செய்யறா. பக்கத்து வீட்டுக்காரிகிட்ட எல்லாம் சொல்லியிருக்கா. இப்போ போய், எனக்கு நாக்கே இல்ல, சொன்னதெல்லாம் பொய்யின்னு எப்படிச் சொல்றது?”

மூக்கைச் சிந்திக்கொண்டு, “சரி, நான் ருசி பார்த்துச் சொல்றேன், போங்க” என்றேன்.

அந்தத் திட்டம் ஒரே நாளில் சந்தி சிரித்தது. என் வீட்டுக்காரருக்கு ரத்த அழுத்தம். அதனால் எங்கள் வீட்டில் உப்பு என்பது கண்ணுக்கே தெரியாது. உப்பில்லாமலே தின்று தின்று என் நாக்குக்கு வெளிச் சாப்பாடு எல்லாமே உப்பாகத்தான் தெரியும். “அண்ணே, கம்மி பண்ணுங்க, இன்னும் கம்மி பண்ணுங்க” என்று நான் சொல்ல, அவர் நம்பிச் செய்ய, அன்று ஏற வேண்டிய ரயிலைக்கூட விட்டுவிட்டுத் திரும்பி வந்து திட்டிவிட்டுப் போனார் ஒருவர். கவுண்டரில் வைத்திருந்த உப்புப் பொட்டலம் அத்தனையும் காலி.

“உன் நாக்கும் என் நாக்கும் சேர்ந்தா அரை நாக்குகூட தேறாது,” என்றார் மாஸ்டர். வெகு நாளைக்கப்புறம் அன்றைக்குத்தான் சிரித்தார்.

அப்புறம் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். அளவு கைக்குப் பழகியதுதான், கை மறக்காது. பயமெல்லாம், போட்டோமா இல்லையா என்பதுதான். முன்பெல்லாம் சந்தேகம் வந்தால் புறங்கையில் ஒரு சொட்டு போதும். இப்போது பானையைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தார். அதற்காக ஒரு ஏற்பாடு. உப்புப் போட்ட கையோடு, ஒரு காய்ந்த மிளகாயை அந்தப் பானை மூடிமேல் வைத்துவிடுவார். மிளகாய் இருந்தால் உப்புப் போட்டாயிற்று. இல்லையென்றால் போடவில்லை. மனசு என்ன சொன்னாலும் சரி, மிளகாய் சொல்வதுதான் முடிவு.

உப்பு சரியாக விழுந்ததா என்று பார்க்க எங்களுக்கு இன்னொரு ஆள் கிடைத்தார். டிக்கெட் பரிசோதகர் ஒருவர், எப்போதும் கறுப்புக் கோட்டு. எங்களுக்கு அவர் கோட்டுக்காரர். மத்தியானக் கூட்டம் வருமுன் முதல் சட்டி இறங்கும்போதே வந்து நிற்பார். அவர் சாப்பிடுகிறபோது மாஸ்டர் துவாரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அவர் கையையே பார்ப்பார். கை உப்புப் பொட்டலத்துக்குப் போனால் குறைச்சல். தண்ணீருக்குப் போனால் கூடுதல். சப்பாத்தித் துண்டால் டப்பாவின் மூலையை வழித்தால் சரி. கோட்டுக்காரருக்கு ஒரு உருளைக்கிழங்கு எப்போதும் அதிகமாக விழும். தன் அழகுக்குத்தான் விழுகிறது என்று நினைத்தாரோ என்னவோ, என்னைப் பார்த்து அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரிப்பார். போனால் போகிறது என்று விட்டுவிட்டேன்.

இப்படியே வண்டி ஓடியது. யாரும் கண்டுபிடிக்கவில்லை. கடுதாசி போடுகிற மாதிரி போடுகிறார்கள் என்று எவர்களைத் திட்டினாரோ, அவர்கள் அவசரம்தான் இப்போது மாஸ்டருக்குக் காவல். அவரும் புலம்புவதை நிறுத்திவிட்டார். அந்தப் புலம்பல் இல்லாமல் எனக்குத்தான் என்னவோ போலிருந்தது.

அன்றைக்கு மத்தியானம் ரயில்கள் நின்றன. சிக்னல் கோளாறாம். பலகையில் ஒவ்வொரு வரியாகச் சிவப்பாக மாறியது. கொஞ்ச நேரத்தில் நிலையம் முழுக்கத் தலைகள். பெட்டிமேல் உட்கார்ந்தார்கள், தரையில் துண்டை விரித்து உட்கார்ந்தார்கள், படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்தார்கள். வீட்டுக்குப் போன் போட்டு அலுத்ததும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பசித்தது. என் கவுண்டருக்கு முன்னால் நின்ற வரிசைக்கு முடிவே தெரியவில்லை.

மாஸ்டர் பெரிய பானைகளை எல்லாம் ஏற்றினார். பருப்பு, உருளைக்கிழங்கு, கொண்டைக்கடலை, கோழி. உப்புப் போட்டு, ஒவ்வொரு மூடிமேலும் மிளகாய் வைத்துவிட்டு, “அரிசி தீர்ந்துடும் போல, கிடங்கு வரைக்கும் போய் வரேன்” என்று ஓடினார். கிடங்கு நிலையத்தின் அந்தக் கோடியில் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் நீந்திப் போய்த்தான் வரவேண்டும்.

அந்த நேரம் பார்த்து முதலாளியம்மா வந்து இறங்கினார். “கூட்டம்னு கேள்விப்பட்டேன், கைக்கு உதவியா இருக்கட்டுமேன்னு வந்தேன்,” என்று கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு உள்ளே போனார். நல்ல மனுஷிதான். ஆனால் கண்ணில் தூசி பட்டால் பொறுக்காது. நான் முன்பக்கம் டப்பாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பாய்ந்து போய்த் தடுத்திருப்பேன்.

மாஸ்டர் மூட்டையோடு வேர்த்து விறுவிறுத்துத் திரும்பினார். அடுப்பைப் பார்த்தார். மூடிகள் எல்லாம் பளபளவென்று இருந்தன. ஒன்றிலும் மிளகாய் இல்லை.

“தங்கச்சி!” என்று துவாரத்தில் கூப்பிட்டார்.

“அண்ணே, இருங்க, கூட்டம் கொல்லுது!” என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிற்பாடு அவர் சொன்னார், போட்டதாகத்தான் மனசில் ஞாபகமாம். ஆனால் மிளகாய் இல்லை. தண்ணீர் பாட்டில் அடுக்கிக்கொண்டிருந்த முதலாளியம்மாவிடம் கேட்டால் குட்டு உடைந்துவிடும். மனசை நம்புவதில்லை, மிளகாயைத்தான் நம்புவது என்று அவரே வைத்த சட்டம். ஒவ்வொரு பானையிலும் மறுபடி ஒரு கை உப்பை அள்ளிப் போட்டார்.

கோட்டுக்காரர் அன்று சாப்பிட வரவில்லை. காசைத் திருப்பிக் கொடு என்று கேட்கிற கூட்டம் அவரை ஒரு தூணோடு சேர்த்து வளைத்திருந்தது.

டப்பாக்கள் போயின, போய்க்கொண்டே இருந்தன. நடுவில் மாஸ்டர் என் தோளைத் தட்டினார். “தங்கச்சி, அங்க பாரு.”

பார்த்தேன். நிலையமே உட்கார்ந்து சாப்பிடப் போகிறது. ஒருவரும் பலகையைப் பார்க்கவில்லை. டப்பாவை மடியில் வைத்து, மூடியை மெல்லத் திறந்து, பருப்பைச் சோற்றில் நிதானமாகக் கலந்துகொண்டிருந்தார்கள். மாஸ்டர் முகத்தை நான் பார்த்தேன். காய்ச்சலுக்கு அப்புறம் அப்படி ஒரு முகத்தைப் பார்க்கவில்லை. தாடையைக் கையில் தாங்கிக்கொண்டு, துவாரத்தில் சாய்ந்து நின்றார்.

“தண்ணி ஒண்ணு,” என்றார் ஒருவர். “தண்ணி,” என்றார் இன்னொருவர். “தண்ணி ரெண்டு குடும்மா.” பாட்டில்கள் பறந்தன. “பரவாயில்லையே, தண்ணி இப்படி விக்குதே!” என்று முதலாளியம்மா பூரித்துப் போனார். கை தண்ணீருக்குப் போனால் உப்பு கூடுதல் என்பது எனக்கு மட்டும் ஞாபகம் வந்தது.

குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் டப்பாவைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தாள். சத்தம்கூடப் போடவில்லை. “இதை எப்படிங்க சாப்பிடறது? நீங்க ஒரு வாய் வச்சுப் பாருங்க,” என்றாள்.

முதலாளியம்மா ஒரு வாய் வைத்தார். உடனே தொட்டியைப் பார்த்து ஓடித் துப்பினார். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, “மாஸ்டர், இதைக் கொஞ்சம் பாருங்க,” என்றார்.

நான் நடுவில் புகுந்தேன். “நான் பார்க்கறேன்மா, கொடுங்க...”

“நீ சும்மா இரு. மாஸ்டர் பார்க்கட்டும்.”

மாஸ்டர் கரண்டியை எடுத்தார். புறங்கையில் ஒரு சொட்டு விட்டார். நக்கினார். பழைய மாதிரியே கண்ணை மூடி ஒரு நொடி நின்றார். அந்த ஒரு நொடியில் நான் வேண்டாத தெய்வமில்லை. கண்ணைத் திறந்து முதலாளியம்மாவின் முகத்தைப் பார்த்தார். ஏதோ குறை என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தது, என்ன குறை என்று தெரியவில்லை.

“லேசா... உப்பு கம்மியோ?” என்றார்.

முதலாளியம்மா கரண்டியை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கி வைத்தார்.

“எத்தனை நாளா மாஸ்டர்?”

“காய்ச்சல்லேருந்தும்மா.”

“எங்கிட்ட சொல்லணும்னு தோணலையா உங்களுக்கு?”

அவ்வளவுதான், எனக்குப் பொறுக்கவில்லை. “சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? அடுப்பைப் பிடுங்கி அண்டாவை இறக்கியிருப்பீங்க! இத்தனை நாள் ஒருத்தன் குறை சொன்னானா? இன்னைக்கும் அவர் ஒழுங்காத்தான் போட்டார். மூடி மேல இருந்த மிளகாய் எங்கே? அதை யார் எடுத்தது?”

“குப்பை மாதிரி கிடந்தது, துடைச்சுப் போட்டேன்,” என்றார் முதலாளியம்மா, ஒன்றும் புரியாமல்.

“குப்பையா? அதுதாம்மா அவர் நாக்கு!”

கத்தியபிறகுதான் எதிரே நிற்பது சம்பளம் கொடுக்கிற கை என்பது ஞாபகம் வந்தது. முதலாளியம்மா குப்பைத்தொட்டியைத் திறந்து, ஈரத்துணியோடு கிடந்த மிளகாய்களைப் பார்த்தார். அப்புறம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கவுண்டருக்கு முன்னால் போய் நின்று, “எங்க தப்பு, டப்பாவைக் கொண்டாங்க, மாத்தித் தரோம்” என்று குரல் கொடுத்தார். மாஸ்டர் மாவு பிசைந்தார். சப்பாத்தியும் வெறுமனே அவித்த உருளைக்கிழங்கும் கொடுத்தோம். மிளகுத்தூளும் உப்புப் பொட்டலமும் அவரவர் கையில். சப்பாத்தி நன்றாகத்தான் வந்திருந்தது. அதற்கு அவர் கை போதும். ஆனால் அவர் துவாரத்தின் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை.

ரயில்கள் ஓடத் தொடங்கி, கூட்டம் வடிந்தபோது முதலாளியம்மா கிளம்பினார். வாசலில் நின்று சொன்னார்.

“மாஸ்டர், உங்களை அனுப்பணும்னு எனக்கு ஆசையில்ல. அதுக்காக எல்லார் வாயிலயும் விளையாட முடியாது. நாளைக்கு வரும்போது ஒரு நாக்கோட வாங்க. உங்க நாக்குதான் வேணும்னு இல்ல, நம்பற மாதிரி ஒரு நாக்கு. இல்லேன்னா அண்டா வந்துடும்.” என் பக்கம் விரலை நீட்டி, “இவ நாக்கு வேணாம். அது பேசறதுக்கு மட்டும்தான் லாயக்கு,” என்றார்.

மாஸ்டர் முன்துண்டை அவிழ்த்து நான்காக மடித்து அரிசி மூட்டைமேல் வைத்தார்.

“அண்ணிகிட்ட சொல்லுங்கண்ணே,” என்றேன்.

“அவகிட்ட எப்படித் தங்கச்சி?” என்றார். “வேலை போனாப் போகட்டும். அவ சமையல் நல்லா இருக்குன்னு நான் சொன்ன பொய் இருக்கட்டும்.”

எனக்கு அவர்மேல் பற்றிக்கொண்டு வந்தது. “வேலை போயிட்டா தினமும் எங்கே போறதா சொல்லுவீங்க? அதுக்கும் ஒரு பொய்யா? போங்க, போய்ச் சொல்லுங்க!” என்று துரத்தினேன். அவர் கூட்டத்தில் ஒருவராக நடந்து போனதைப் பார்த்து உட்கார்ந்து அழுதேன். அன்று ராத்திரி வீட்டில் அந்த உப்பில்லாத குழம்புகூட எனக்கு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் கடைக் கதவைத் தூக்கிக்கொண்டிருந்தேன். மாஸ்டர் வந்தார். பின்னாலேயே, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, குட்டையாக, சிவந்த மூக்கோடு ஒரு அம்மாள்.

“இவதான்,” என்றார் மாஸ்டர்.

“அண்ணி, வாங்க,” என்றேன். “எல்லாம் சொன்னாரா?”

“எங்கே சொன்னார்? தட்டு முன்னால உட்கார்ந்து மென்னு முழுங்கிக்கிட்டே இருந்தார். பார்க்கச் சகிக்கல. ‘உங்களுக்கு ருசி தெரியலைன்னு எனக்குத் தெரியும், சாப்பிடுங்க’ன்னு நானே சொல்லிட்டேன்.”

எனக்கு வாய் பிளந்துகொண்டது. “தெரியுமா? எப்போலேருந்து?”

“அவர் நல்லா இருக்குன்னு சொன்னாரே, அன்னையிலேருந்து. கல்யாணமான நாள்லேருந்து குறை சொல்லிக்கிட்டிருந்த மனுஷன் ஒரே ராத்திரியில திருந்திடுவாரா? மறுநாள் பருப்புல உப்பே போடாம வச்சேன். பிரமாதம்னு ரெண்டாந்தரம் போட்டுக்கிட்டார்.”

மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பவே கேட்டிருக்கலாமே அண்ணி?”

அவள் கைப்பையின் வாரைத் திருகினாள். “கேட்டா அப்புறம் யார் சொல்லுவா, நல்லா இருக்குன்னு? பொய்யின்னு தெரியும். ஆனாலும் தினமும் காதால கேட்க நல்லா இருந்துச்சு. இன்னும் கொஞ்ச நாள் கேட்டுக்கலாமேன்னு விட்டுட்டேன்.”

மாஸ்டர் முதல் சட்டியை இறக்குவதற்குள் முதலாளியம்மா வந்துவிட்டார். “நாக்கு எங்கே?” என்றார். மாஸ்டர் சம்சாரத்தைக் காட்டினார். முதலாளியம்மா அடுப்பிலிருந்த கொண்டைக்கடலையில் ஒரு கரண்டி எடுத்துக் கொடுத்தார்.

அண்ணி ஊதி, வாயில் வைத்தாள். “தக்காளிப் புளிப்பு தூக்கல். வெங்காயம் இன்னும் கொஞ்சம் வதங்கணும். மஞ்சள் பச்சை வாசனை போகல.”

கேட்டதும் எனக்குச் சிரிப்பு முட்டியது. அத்தனையும் மாஸ்டர் அவளுக்கு வருஷக்கணக்காகச் சொன்ன குறைகள். தட்டுக்குத் தட்டு சொல்லிச் சொல்லி, தனக்கே தெரியாமல் தன் நாக்கை அவள் வாயில் வைத்திருக்கிறார் மனுஷன்! முதலாளியம்மா தானும் ஒரு வாய் எடுத்துப் பார்த்தார். நேரம் எடுத்துப் பார்த்தார். கரண்டியைக் கழுவி வைத்தார்.

“அண்டா வேணாம்னு போன் பண்ணிடறேன்,” என்று சொல்லிவிட்டுப் போனவர், வாசலில் நின்று, “அந்த மிளகாயை நான் தொட மாட்டேன்,” என்றார்.

முதல் ரயில் வந்து கூட்டம் இறங்கியது. “சோறு, பருப்பு, சீக்கிரம்!” ஆரம்பித்துவிட்டார்கள். நான் பருப்புக்காகத் துவாரத்தில் கையை நீட்டினேன். கை நீட்டியபடியே இருந்தது, பருப்பு வரவில்லை.

எட்டிப் பார்த்தேன். அண்ணி அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு டப்பா. சோற்றில் பருப்பைப் பிசைந்து, ஒரு வாய் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மெல்ல மென்றுகொண்டிருந்தாள். மாஸ்டர் கரண்டியும் கையுமாக அவள் முன்னால் நின்றார். பரீட்சை எழுதிய பிள்ளைபோல நின்றார்.

“எப்படி இருக்கு?” என்றார்.

அவள் இன்னொரு வாய் எடுத்தாள்.

“எப்படி இருக்குன்னு சொல்லேன்.”

“இருங்க, அவசரப்படுத்தாதீங்க,” என்றாள் அண்ணி, கண்ணைத் திறக்காமலே. “நான் என்ன ரயில் பிடிக்கவா போறேன்?”